படம் பார்த்துக் கவசம் செய்யலாமா?

கேள்வி: ஐரோப்பிய இடைக்கால வீரர்களின் கவசத்தை நானே செய்து பார்க்க ஆசை. எதிலிருந்து தொடங்குவது? படங்களைப் பார்த்துச் செய்தால் போதுமா?

பதில்: சினிமாப் படம் என்றால் போதவே போதாது. 1376-இல் இறந்த இங்கிலாந்தின் 'கறுப்பு இளவரசர்' எட்வர்டின் கல்லறை அங்கேயே கேன்டர்பரி தேவாலயத்தில் இருக்கிறது, அதன் மேல் படுத்திருக்கும் உலோக உருவம் முழுக் கவசத்தோடு இருக்கும், அந்த மாதிரிச் சிலைகளின் போட்டோக்களைத் தேடிப் பாருங்கள். ஆனால் சிலை வெளிப்புறத்தைத்தான் காட்டும். உள்ளே எப்படிக் கட்டினார்கள் என்பதற்கு இன்றைய ஸ்வீடனில் உள்ள விஸ்பி நகரத்தில் கிடைத்த கவசங்கள்தான் சரி. 1361-இல் கோட்லாண்ட் தீவின் அந்த நகர மதிலுக்கு வெளியே டென்மார்க் படையிடம் தோற்றுச் செத்தவர்களில் பலரைக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் மொத்தமாகப் புதைத்துவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் தோண்டியபோது கிடைத்தவற்றில், தோல் அல்லது துணியின் உட்பக்கம் இரும்புத் தகடுகளை ரிவெட் (முனையைத் தட்டி இறுக்கும் ஆணி) அடித்துப் பொருத்திய மார்புக் கவசங்களும் உண்டு. புதியவருக்கு இதுவே நல்ல ஆரம்பம். உலை வேண்டாம், மெல்லிய இரும்புத் தகடு, தகடு வெட்டும் கத்தரி, ட்ரில், சுத்தியல் போதும்.

வளையக் கவசம்? ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைக் கோத்துக்கொண்டு போக வேண்டும், பொறுமை தாராளமாக இருந்தால் சரி. கடையில் விற்பது பெரும்பாலும் முனைகளைச் சும்மா வளைத்து மூடியது. அன்றைய ஐரோப்பாவில் அந்த முனைகளைத் தட்டி, துளைத்து, ரிவெட் அடித்தார்கள்.

அப்புறம், துத்தநாகம் பூசிய தகட்டை மட்டும் சூடாக்காதீர்கள், அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.