ஆயத்தத் தாளம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கணினியில் இசையமைத்துப் பழகுகிறேன். ஒரு குறும்படத்துக்காக நான் செய்த பாடலில் மெட்டு என்னுடையது. தாளம் முழுவதும் மென்பொருளோடு வந்த தபலா லூப், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கும் பதிவுத் துண்டு. பல ஆண்டுகள் தபலா பயின்ற என் நண்பர் அதைக் கேட்டுவிட்டு, இதை என் இசை என்று சொல்லிக்கொள்வது ஏமாற்று வேலை என்றார். அன்றிலிருந்து மென்பொருளைத் திறக்கவே மனம் வரவில்லை. அவர் சொல்வது சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காயதா என்னும் தபலா பாடம் ஒன்றை மாதக்கணக்கில் சாதகம் செய்தவருக்கு, பொத்தானை அழுத்தியதும் தாளம் ஒலிப்பது வலிக்கத்தான் செய்யும். அந்த வலியை மதிக்கிறேன், குற்றச்சாட்டை ஏற்கவில்லை.

1981இல் காசியோ நிறுவனம் வெளியிட்ட எம்டி-40 என்ற சிறிய கீபோர்டில் 'ராக்' என்றொரு ஆயத்தத் தாளம் இருந்தது. இசைக் கல்லூரியில் ஜமைக்காவின் ரெகே இசை பற்றி ஆய்வேடு எழுதி முடித்து, அந்நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒகுடா ஹிரோகோ என்ற இளம்பெண் அமைத்தது அது. அந்தக் கீபோர்டுகளில் ஒன்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நோயல் டேவி என்ற இசைக்கலைஞரின் கைக்கு வந்தது. அவரும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அந்தத் தாளத்தைத் தயாரிப்பாளர் கிங் ஜாமியிடம் கொண்டுசென்றார்கள். ஜாமி அதன் வேகத்தைக் குறைத்து, மேலே பியானோவைச் சேர்த்தார். 1985 பிப்ரவரியில், பெரிய ஒலிபெருக்கிகளோடு இசைக் குழுக்கள் மோதும் ஒரு சவுண்ட் சிஸ்டம் போட்டியில், அப்படி உருவான 'அண்டர் மி ஸ்லெங் டெங்' என்ற பாடல் ஒலித்த பிறகு, ரெகேயிலிருந்து கிளைத்த ஜமைக்காவின் டான்ஸ்ஹால் என்னும் நடன இசை பெருமளவு மின்னணுத் தாளத்துக்கு மாறியது. அதே தாளத்தின்மேல் நூற்றுக்கணக்கான பாடல்கள் பிறந்தன. (ஒரு தாளத்தில் பலர் பாடுவது அங்கே முன்பே வழக்கம், நம் காவடிச் சிந்து மெட்டுக்கு எத்தனை பேர் பாட்டு எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.)

அந்தக் கீபோர்டை வாங்கிய அனைவரிடமும் அதே பொத்தான் இருந்தது. சற்று மெதுவாக்கினால் ஊரே ஆடும் என்பதைக் கேட்டறிந்த செவி கிங்ஸ்டனில் இருந்தது; அந்தச் செவியின் வேலையை உழைப்பல்ல என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அத்தாளத்தை அமைத்த ஒகுடாவின் பெயர் நெடுங்காலம் பரவலாக அறியப்படாமல் இருந்தது என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. ஏமாற்று என்ற சொல்லுக்கு இடமிருந்தால் அது இங்கேதான், வாசித்தவரை மறைத்து நாமே வாசித்ததாகக் கேட்பவரை நம்பவைக்கும்போதுதான்.

இனி உங்கள் பாடலைக் கேளுங்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலும், சரணம் தாழ்ந்து தொடங்கும் இடத்திலும் அந்த லூப் எதையும் கவனிக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் அங்கே வெட்டுங்கள், சில அடிகளை எடுத்துவிடுங்கள், தேவைப்பட்டால் நான்கு ஆவர்த்தனம் தாளமே இல்லாமல் விடுங்கள். நண்பர் ஒப்புக்கொண்டால் சரணத்தை மட்டும் அவரை வாசிக்கச் சொல்லி, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, பாடலோடு சேர்ந்து நடப்பதை வைத்துக்கொள்ளுங்கள். லூப்தான் நிற்கிறது என்றால், படத்தின் பெயர்ப் பட்டியலில் தாளத்துக்கு நேரே அந்த மென்பொருளின் பெயரைப் போட்டுவிடுங்கள்.