பத்துக் கன்னியர் உவமைக்குப் பிரெஞ்சு உடை ஏன்?

கேள்வி: எங்கள் பாட்டனார் வீட்டுக் கூடத்தில், ஒன்றரைச் சாண் அகலத்தில், கறுப்பு மையில் அச்சான பழைய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அகன்ற கழுத்துப்பட்டி அணிந்த பிரெஞ்சுச் சீமாட்டிகள் சீட்டாட்டமும் இசையுமாகப் பொழுதுபோக்குகிறார்கள்; அடியில் பிரெஞ்சுச் செய்யுள் வரிகள் உள்ளன. இதைப் பத்துக் கன்னியர் உவமை என்று பாட்டனார் சொல்வார். இது எப்படி விவிலியப் படமாகும்? அசல்தானா? (வாசகி, க்யூர்பிப், மொரீஷியஸ்)

பதில்: பாட்டனார் சொன்னது சரியாகவே இருக்க வேண்டும். நீங்கள் தரும் அடையாளங்கள், ஆபிரகாம் போஸ் என்னும் பிரெஞ்சுக் கலைஞர் 1635ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட ஏழு படங்களின் வரிசையோடு பொருந்துகின்றன. மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில், மணமகனை எதிர்கொள்ளச் சென்ற பத்துக் கன்னியருள், விளக்குக்கு எண்ணெய் எடுத்துக்கொள்ளாமல் போன அறிவற்ற ஐவரே உங்கள் படத்தில் இருப்பவர்கள். இதற்கு இணையான படத்தில், அறிவுள்ள ஐவர் செபத்திலும் வாசிப்பிலும் ஈடுபட்டிருப்பார்கள்.

உடையும் அறையும் பதின்மூன்றாம் லூயி மன்னர் காலத்துப் பாரிசைச் சேர்ந்தவை. பாலஸ்தீனத்து உடை எப்படியிருக்கும் என்று அறியாமல் போஸ் இப்படி வரைந்துவிடவில்லை. படத்தை வாங்கும் செல்வக் குடும்பத்தார் தம் வீட்டுக் கணப்படுப்பையும் திரைச்சீலையையும் நாற்காலியையும் அதில் அடையாளம் கண்டு, உவமை தம்மைப் பற்றியது என்று உணர வேண்டும் என்பதே அவர் நோக்கமாக இருந்திருக்கும். அவர் கால்வினியப் புராட்டஸ்டண்டு, ஆடம்பரத்தைக் கண்டிப்பவர். ஆயினும், கண்டிக்க எடுத்துக்கொண்ட பட்டையும் சரிகையையும் அவர் எவ்வளவு ஆசையோடு வரைந்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்! அறிவுள்ளவர்களைவிட அறிவற்றவர்களின் அறையே பார்க்கச் சுவையாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்த நுணுக்கத்துக்குத் தொழில்முறையும் ஒரு காரணம். இத்தகைய படங்கள், செப்புத் தகட்டில் பொறித்த கோடுகளில் மை நிரப்பித் தாளில் அழுத்தி எடுத்தவை. செப்புத் தகட்டின் மேல் மெழுகுக்குப் பதிலாக, வீணை போன்ற லூட் வாத்தியம் செய்வோர் பயன்படுத்திய கெட்டியான வார்னிஷைப் பூசி, ஊசியால் அதைக் கீறி, பின் அமிலத்தால் அரிக்கும் முறையைப் பரப்பியவர் நான்சி நகரத்து ஜாக் கலோ (1592–1635). அந்த வார்னிஷ் உதிராது என்பதால் கோடு கூர்மையாக நிற்கும். சாய்வாக வெட்டிய முனையுள்ள கருவியைத் திருப்பிப் பிடித்தால், ஒரே கோடு மெலிந்து தொடங்கித் தடித்து மீண்டும் மெலியும். போஸ் இதைக் கலோவின் வழியில் கற்று, 1645இல் தனி நூலாகவே எழுதினார். ஊதாரி மைந்தன் உவமையைக் கலோவும் 11 சிறு படங்களாகப் பொறித்திருக்கிறார். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும்.

அசலா என்று அறிய, முதலில் உருப்பெருக்கியால் பாருங்கள்: புள்ளிகளாகத் தெரிந்தால் அண்மைக் கால அச்சு. படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் இருந்தாலும் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்; ஒளிப்பட உதவியால் 19ஆம் நூற்றாண்டில் செய்த மறுபதிப்புகளிலும் அது இருக்கும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சம இடைவெளியில் கம்பிக் கோடுகள் தெரிய வேண்டும். கோடில்லாத வழவழப்பான தாள் 17ஆம் நூற்றாண்டில் கிடையாது. க்யூர்பிப்பின் ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டியிருக்கக்கூடும். அப்படியிருந்தால் நீங்களே பிரிக்க முயலாமல், பழைய தாள்களைச் செப்பனிடத் தெரிந்தவரிடம் சட்டத்தோடு கொடுத்துவிடுங்கள்.