மார்ஷல் தாக்குதல்: ஒளித்து வைத்த ஆயுதமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

1918இல் நியூயார்க் சதுரங்கப் போட்டியில் கபாப்ளாங்காவிடம் மார்ஷல் தோற்ற ஆட்டத்தைப் பலகையில் ஆடிப் பார்த்தேன். மார்ஷல் தாக்குதல் என்ற அந்த ஓப்பனிங்கை (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசையை) அவர் ஒன்பது ஆண்டுகள் ஒளித்து வைத்திருந்தார் என்பது உண்மையா? அப்படியும் தோற்றுப்போன ஒன்றை இன்றும் ஏன் ஆடுகிறார்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

1909இல் கபாப்ளாங்காவுடன் ஆடிய தொடரில் எட்டு ஆட்டங்களில் தோற்று ஒன்றில் மட்டுமே வென்ற மார்ஷல், பழிதீர்க்கக் காத்திருந்தார் என்பது கேட்கச் சுவையான கதைதான். ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் நல்ல ஆயுதத்தை அத்தனை காலம் பொத்தி வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. மேலும், ரூய் லோபஸ் என்ற தொடக்க வரிசையில் கறுப்பு ஒரு சிப்பாயை டி5 கட்டத்துக்குத் தள்ளி, ஈ5 சிப்பாயைப் பலிகொடுக்கும் இக்கருத்து 1893இலேயே ஹவானாவில் ஆடப்பட்டுவிட்டது. (அது கபாப்ளாங்கா பிறந்த ஊர், அப்போது அவர் சிறுவன்.)

உங்கள் இரண்டாம் கேள்விக்கு ஆட்டத்துக்குள்ளேதான் போக வேண்டும். 15ஆவது நகர்த்தலில், கறுப்பில் ஆடிய மார்ஷலின் குதிரை எஃப்2 சிப்பாயை வெட்டுகிறது. அதை வெள்ளை ராணி வெட்டியதும் கறுப்பு அவசரப்பட்டு பிஷப்பை ஜி3க்குக் கொண்டுவந்தால், வெள்ளை தன் ராணியை எஃப்7இல் பலிகொடுத்து, யானையை ஈ8இல் இறக்கி மாட் செய்துவிடும். ஆகவே பிஷப் முதலில் எச்2இல் செக் சொல்லி, ராஜாவை எஃப்1க்குத் துரத்திவிட்டு, அதன் பிறகே ஜி3க்கு வர வேண்டும். அப்போது எஃப்7இல் ராணியை வெட்டும் கறுப்பு யானை ராஜாவுக்குச் செக்காகவும் அமைவதால் வெள்ளைக்கு ஈ8 மாட்டுக்கு நேரம் கிடைப்பதில்லை. கபாப்ளாங்கா அந்தக் குதிரையை உடனே வெட்டவில்லை. யானையை ஈ2இல் வைத்துத் தாக்குதலைத் தாங்கிக்கொண்டு, 36ஆவது நகர்த்தலில் வென்றார்.

ஆனால் தோற்றது சிப்பாய் பலி அன்று. 11ஆவது நகர்த்தலில் குதிரையை எஃப்6க்குப் பின்வாங்கியதே பலவீனம். அங்கே சி6 ஆடி, டி5இல் நிற்கும் குதிரைக்கு முட்டுக்கொடுப்பதே பின்னாளில் நிலைத்த வழி. உலகச் சாம்பியனுக்குச் சவால்விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் 1965 கேண்டிடேட்ஸ் இறுதியில் தால் போன்ற தாக்குதல் வீரருக்கு எதிராக ஸ்பாஸ்கி இதைத் துணிந்து ஆடினார். 1993இல் ஷார்ட்டுடனான உலகப் பட்டப் போட்டியில் காஸ்பரோவே எட்டாவது நகர்த்தலில் சி3க்குப் பதிலாக ஏ4 ஆடி இதைத் தவிர்த்தார். நீங்கள் கறுப்பில் இதை ஆட நினைத்தால், அந்த ஏ4க்கும் அதன் உறவான எச்3க்கும் முதலில் விடை தயார் செய்துகொள்ளுங்கள்; பலியை நேருக்கு நேர் ஏற்கும் எதிராளி எப்போதும் வாய்ப்பதில்லை.