இன்ஜின்ல இருந்து எறக்குன கரி ஆயில என்ன பண்றது? தோட்டத்துக்காரங்க கேட்டதும் நான் சொன்னதும்

கேரளா பார்டர்ல இருக்கற கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப்பக்கம் நம்ம டிராக்டர், பவர் டில்லர் பட்டறை. அந்தப்பக்கம் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிக்காரங்களும் வருவாங்க, இந்தப்பக்கம் ஆனைமலை, அம்பராம்பாளையத்துக்காரங்களும் வருவாங்க. சர்வீஸ் முடிஞ்சா எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், "ஏனுங்க, எறக்குன ஆயில வீசறதுக்கு மனசு வரல, தோட்டத்துல எதுக்காச்சும் ஆகுமா?" ஒரு டிராக்டர்ல ஆறேழு லிட்டருக்கு குறையாம எறங்குது, காசு போட்டு வாங்குன சாமான், மனசு வராதுதான். நான் பாக்கற கணக்கு என்னன்னா, வாய் படற எடம், தண்ணி படற எடம், மண்ணு படற எடம், இந்த மூணுலயும் அது போகக்கூடாது. அப்படி பாத்தா மிஞ்சறது கொஞ்சந்தான், அதையும் சொல்றேன்.

வேலிக்கு வேப்பங்கம்பு நடறோம், அடிய கரி ஆயில்ல ஊறவச்சு நட்டா கரையான் வராதுங்கறாங்க, எத்தன நாள் ஊறணும்?

எத்தன நாள் ஊறுனாலும் உள்ள போகாதுங்க. இன்ஜின் ஆயில் கெட்டி, மரத்துக்குள்ள எறங்காம மேல்தோலுலதான் நிக்கும். மொத மழைக்கே பாதி கழண்டு மண்ணுக்கு போயிரும், மீதிக்கு கம்பு காஞ்சு வெடிக்கற வெடிப்பு வழியா கரையான் உள்ள பூந்துக்கும். சில பேரு எளகட்டும்னு டின்னுல ஊத்தி அடுப்புல வச்சு சூடு பண்றாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க, பழைய ஆயில்ல பெட்ரோலு டீசலு கொஞ்சம் கலந்துதான் இருக்கும், புது ஆயில விட சீக்கிரம் பத்திக்கும்.

நம்ம பக்கம் கல்லுத்தூண் கெடைக்குது, செலவு ஒரு தடவதான். இல்லீன்னா கிளுவங்குச்சி ஊனி உடுங்க, அதுவே தளுத்து உசுரு வேலி ஆயிரும், உசுரு உள்ள மரத்த கரையான் அவ்வளவா திங்காது, ஆட்டுக்கு தழையும் ஆச்சு. அந்தப்பக்கத்துக்காரங்க சீமக்கொன்ன நடுவீங்க, அதுவும் அதே கதைதான். மரக்கம்புதான் வேணும்னா முந்திரி தோட்டு எண்ணெய் விக்கறாங்க, படகுக்கு பூசறது, அது மரத்துக்கு நல்லது, பூசறப்போ கையில படாம பாத்துக்கோங்க, தோலு வெந்துரும்.

தோட்டத்து நாய்க்கு சொறி புடிச்சு முடியெல்லாம் கொட்டிருச்சு. வண்டி ஆயில் தடவுனா போயிரும்னு பக்கத்து தோட்டத்து மாமா சொல்றாரு, எங்க அப்பாரும் தடவுவாராமா. தடவலாமா?

தடவாதீங்க கண்ணு. எல்லாக் கேள்வியிலயும் இதுதான் எனக்கு ரொம்ப வருத்தமான கேள்வி, ஏன்னா பாசத்துலதான் தடவறாங்க. மேலோட்டமா இருக்கற பூச்சி ஆயில்ல மூச்சுமுட்டி கொஞ்சம் சாகும், அதுனால ரெண்டு நாள் சொறியறது குறஞ்ச மாதிரி தெரியும், அத வச்சுத்தான் ஊரெல்லாம் இத நம்புது. ஆனா ஒரு வகை சொறிப்பூச்சி தோலுக்குள்ள பள்ளம் பறிச்சுட்டு கெடக்கும், இன்னொண்ணு முடிக்காலுக்குள்ளயே குடியிருக்கும், அதுங்களுக்கு ஆயில் எட்டறதே இல்ல. நாயி என்ன பண்ணும், ஒடம்புல எது ஒட்டுனாலும் நக்கும், நக்குனா அத்தனையும் வயித்துக்குள்ள, வாந்தி எடுக்கறப்போ நுரையீரலுக்குள்ள போச்சுன்னா நிமோனியா வந்து செத்தே போயிரும். வெந்து கெடக்கற தோலு மேல இத பூசுனா ரணம்தான் கூடும்.

கவர்மென்ட் கால்நடை மருந்தகத்துக்கு கூட்டிட்டு போங்க, ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு, எடை பாத்து டாக்டர்தான் குடுக்கணும். மெடிக்கல்ல நீங்களா வாங்கி குத்தாதீங்க, சில சாதி நாய்க்கு அந்த மருந்து ஆகாது. சொறியில ஒரு வகை மனுசனுக்கும் ஒட்டும், கொழந்தைங்கள கொஞ்ச நாளைக்கு தள்ளி வைங்க.

ஏற்கெனவே தடவியாச்சுன்னா மண்ணெண்ணெய் பெட்ரோல் போட்டு தொடைக்காதீங்க. சமையல் எண்ணெய தேச்சு துணியில வழிச்சு எடுத்துட்டு, பாத்திரம் கழுவற லிக்விட் போட்டு வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு மூணு வாட்டி அலசுங்க, காயற வரைக்கும் நக்க உடாம புடிச்சுக்கோங்க, அப்புறம் டாக்டர்ட்ட காட்டுங்க.

இதுலயே மாட்டு சமாச்சாரத்தையும் சொல்லிர்றேன். கட்டுத்தரை முளையிலயும், உண்ணி இருக்கற மாட்டு மேலயும் ஆயில் பூசறாங்க. மாடு அந்த ஆயில ருசிச்சு நக்கும், தொறந்து வச்ச டின்ன பாத்தா மூஞ்சிய உட்டு குடிக்கக்கூட செய்யும். மாடுங்களுக்கு ஈய விசம் ஏர்றதுக்கு பழைய பேட்டரியும் பழைய இன்ஜின் ஆயிலும் ரெண்டும் உலகம் பூரா தெரிஞ்ச காரணம். நம்ம நாட்டுல ஈயம் கலந்த பெட்ரோல் 2000த்துலயே நின்னு போச்சு, அதுனால முன்ன அளவுக்கு ஈயம் இல்ல, ஆனாலும் இன்ஜின் பேரிங் தேயற பொடி, துத்தநாகம், மத்த உலோகம், எரிஞ்ச கரியில இருக்கற விசச்சரக்கு எல்லாம் அதுல கெடக்கு. மாடு கண்ணு தெரியாத மாதிரி செவுத்துல முட்டுது, பல்ல நறநறங்குது, சுத்தி சுத்தி வருதுன்னா உடனே டாக்டர கூப்பிடுங்க, அந்த பால கறந்து சொசைட்டிக்கு ஊத்திறாதீங்க.

தென்னங்குருத்துல காண்டாமிருக வண்டு. வேஸ்ட் ஆயில் ஊத்துனா வண்டு வெளிய வந்துரும்ங்கறாங்களே?

வண்டு வரும், குருத்தும் போயிரும். தென்னைக்கு இருக்கறது ஒரே ஒரு குருத்து, அது வெந்துச்சுன்னா மரமே போச்சு. கம்பிக்கொக்கி போட்டு வண்ட எடுத்துட்டு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு மணல் ரெண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் நடுக்குருத்த ஒட்டுன மூணு மட்டை இடுக்குலயும் போடுங்க. புழு வளர்றது உங்க எருக்குழியிலதான், அங்க மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்து உட்டாத்தான் இது நிக்கும். ஆழியார்நகர்ல தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கே, பக்கத்துல வச்சுட்டு பட்டறையில வந்து கேக்கறீங்க.

வெள்ளை ஈக்கு மஞ்ச சீட்டு கட்டறோம், அதுல வெளக்கெண்ணெய்க்கு பதிலா கரி ஆயில் பூசுனா காசு மிச்சம்தானே?

நல்லா யோசிச்சீங்க போங்க! மஞ்சக் கலர பாத்துத்தான் ஈ வருது, கரிய பூசுனா மஞ்ச எங்க தெரியும்? 2016ல நம்ம பொள்ளாச்சி பக்கந்தான் இந்த சுருள் வெள்ளை ஈ நாட்டுலயே மொதமொதல்ல தென்பட்டது, அப்போ இருந்து பாத்துட்டு இருக்கோம், அஞ்சடிக்கு ஒன்றரையடி சீட்டு, மேல வெளக்கெண்ணெய், ஏக்கருக்கு எட்டு பத்து, அதுல எதையும் மாத்த வேண்டாம். மழையில கரி ஆயில் சொட்டுனா மரத்தடிக்குத்தான் போகும்.

ரோட்டவேட்டர் பிளேடு, கலப்பை எல்லாம் ஆறு மாசம் சும்மா கெடந்து துரு புடிக்குது. அதுக்காச்சும் பூசலாமா, அதுக்கும் இல்லன்னு சொல்லுவீங்களா?

இதுக்கு பூசலாங்க. ஆனா பூசற விதம் இருக்கு. கேன்ல ரெண்டு வாரம் அசையாம வைங்க, கசடும் தண்ணியும் அடியில எறங்கிரும், மேலாப்புல இருக்கறத மட்டும் காடாத்துணியில வடிகட்டி எடுங்க. கலப்பையில ஒட்டுன மண்ண கழுவி, வெயில்ல காயவச்சு, கம்பி பிரஷ் போட்டு தேச்சுட்டு அப்புறம் பூசணும், ஈரத்துக்கு மேலயோ மண்ணுக்கு மேலயோ பூசுனீங்கன்னா உள்ளயே துரு வேல செய்யும். ஒரு பழைய பெயின்ட் பிரஷ்ல மெல்லிசா இழுத்தா போதும், வழிய வழிய ஊத்தறவங்கதான் ஜாஸ்தி, சொட்டறதெல்லாம் வீண்தான். சாளைக்குள்ள பலகை மேல, அடியில தகரமோ பிளாஸ்டிக் சீட்டோ விரிச்சு வைங்க. உழவுக்கு எடுக்கறதுக்கு முன்னால துணியில நல்லா தொடைக்கணும், இல்லீன்னா அந்த ஆயில் அப்படியே காட்டுக்குள்ள எறங்கும். இந்த தொடைக்கற வேலைய ஒருத்தரும் செய்யறதில்ல, எனக்கு தெரியும்.

பழைய ஆயில்ல இன்ஜின்ல உண்டான ஆசிட்டும் இருக்கும், அதுனால டிராக்டர் பின்னால சுத்தற பி.டி.ஓ. ஷாப்டு, ஹைட்ராலிக் ராடு மாதிரி பளபளப்பா கடைஞ்ச எடத்துக்கு புது கிரீஸ்தான். பெல்ட், ரப்பர் பக்கம் போகவே கூடாது, ஊதிரும். கேட்டு கீல், இறுகுன போல்டு நட்டு, இதுக்கெல்லாம் ரெண்டு சொட்டு உடலாம். குடிக்கற தண்ணி சேந்தற கப்பிக்கு மட்டும் வேண்டாம், அதுக்கு தேங்காண்ணெயே போதும்.

கையில கிளவுஸ் போடுங்க. சரியா சுத்திகரிக்காத மினரல் ஆயில் மனுசனுக்கு புத்துநோய் உண்டாக்கும்னு உலக அளவுல புத்துநோய் ஆராய்ச்சி பண்றவங்க மொத லிஸ்ட்டுலயே போட்டிருக்காங்க, எரிஞ்ச ஆயில்லயும் அந்த மாதிரி விசச்சரக்கு சேந்திருக்கும். அழுக்குத்துணிய பேன்ட் பாக்கெட்டுல சொருகற பழக்கம் நம்ம பசங்களுக்கு நெறைய, அத உட்ருங்க.

வீடு கட்டறோம், சென்ட்ரிங் சீட்டுக்கு வேஸ்ட் ஆயில் கேக்கறாரு மேஸ்திரி. குடுக்கலாமா?

எல்லா எடத்துலயும் நடக்கறதுதான். கம்பி மேல பட்டா கான்கிரீட் கம்பிய புடிக்காது, அடிச்சதுக்கு அப்புறம் கம்பி கட்டறப்போ பட்டுரும். சீலிங் கறுப்படிச்சு நிக்கும், பூச்சும் ஒட்டாம உதுரும். சென்ட்ரிங்குக்குன்னே ஆயில் விக்குது, மொத்த வீட்டு செலவுல அது ஒண்ணுமே இல்ல. தண்ணித்தொட்டி சென்ட்ரிங்குக்கு கண்டிப்பா குடுக்காதீங்க.

பழைய கெணத்துல கொசு கும்முது, ரெண்டு லிட்டர் ஊத்தி உட்டா புழு செத்துரும்தானே?

சாகும். கொசுப்புழு தண்ணி மேல வந்துதான் மூச்சு விடுது, மேல ஆயில் ஏடு கட்டுனா மூச்சு அடைச்சு செத்துரும். அதுக்குன்னே தயாரிச்ச ஆயில சாக்கடைக்கு அடிக்கறது உண்டு, டவுனுக்குள்ள ஆயில்ல ஊறவச்ச பந்து போடறதயும் பாத்திருப்பீங்க. ஆனா கெணறு சாக்கடை இல்லீங்களே. கெணத்துக்குள்ள ஊத்துனா நிலத்தடி தண்ணிக்கே ஊத்துன மாதிரி, பக்கத்து தோட்டத்து போர்ல அந்த வாடை வந்தா யாருட்ட போயி சொல்றது. ஒரு வண்டிக்கு ஒரு தடவ மாத்தற ஆயில் பத்து லட்சம் கேலன் தண்ணிய கெடுக்கும்னு அமெரிக்காவுல சுற்றுச்சூழல் பாதுகாப்ப பாக்கற அரசாங்க அமைப்பு, ஈ.பி.ஏ., சொல்லுது.

வாய்க்கால்ல ஊத்தறவங்களுக்கும் சேத்து சொல்றேன், ஆழியாத்து தண்ணி மணக்கடவு அணையத் தாண்டி சித்தூர்புழையா போயி பாரதப்புழையில சேருது, பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருசத்துக்கு 7.25 டி.எம்.சி. அங்கதான் அளந்து குடுக்கறாங்க. இங்க ஊத்துறது அங்க சொந்தக்காரன் வீட்டு கொழாயில வரும். கெணத்துல கம்பூசியா மீனோ கப்பி மீனோ உடுங்க, சுகாதார நிலையத்துல கேட்டுப் பாருங்க, அதுங்க புழுவ தின்னே தீக்கும். மேல கொசுவலை கட்டுங்க.

மரம் அறுக்கற செயின்சாவுல, செயின் ஓடற பாருக்கு ஊத்தலாமா?

வேண்டாம். அதுல இருக்கற இரும்புப்பொடி பாரையும் செயினையும் தேய்ச்சுரும், சுத்தற வேகத்துல மூஞ்சிக்கே தெறிக்கும். பார் ஆயில் வாங்குங்க.

பாதையில புழுதி, வரப்போரம் களை, ரெண்டுக்கும் ஆயில் தெளிச்சா?

அமெரிக்காவுல மிசோரி மாநிலத்துல டைம்ஸ் பீச்னு ஒரு ஊரு. 1970கள்ல புழுதி அடங்கட்டும்னு ரோட்டுக்கு வேஸ்ட் ஆயில் அடிச்சாங்க, அந்த ஆயில்ல கெமிக்கல் பேக்டரி கழிவும், அதுல டயாக்சின்ங்கற கொடிய விசமும் கலந்திருந்தது அப்புறம்தான் தெரிஞ்சுது, 1983ல அரசாங்கமே ஊர வெலைக்கு வாங்கி ஜனங்கள வெளியேத்துச்சு. நம்ம கேன்ல அந்த அளவுக்கு டயாக்சின் இருக்காது, ஆனா பட்டறையில சேர்ற கேனுக்குள்ள யாரு என்ன ஊத்துனாங்கன்னு யாருக்கு தெரியும். களை கருகும், அந்த எடத்துல அப்புறம் ரொம்ப நாளைக்கு ஒண்ணும் சரியா மொளைக்காது, மண்புழுவும் இருக்காது.

கொப்பரை காயவைக்கற அடுப்புல, சொட்டு சொட்டா உட்டு எரிச்சா தீ நல்லா நிக்குதே?

நிக்கும், புகையும் கொப்பரையில ஏறும். அந்த கொப்பரைய ஆட்டித்தான் எண்ணெய் சாப்பிடறோம். தேங்காத்தொட்டி மலைமலையா கெடக்கற ஊருல இது என்ன ஆசைன்னு தெரியல.

அப்போ மிச்ச ஆயில யாருட்டதான் குடுக்கறது? பழைய சாமான் வாங்கறவரு லிட்டருக்கு காசு தர்றாரு.

அவரு காசு தருவாரு, அது பாதி செங்கச்சூளைக்கு போகும், பாதி வடிகட்டி கலர் ஏத்தி லூஸ் ஆயிலா திரும்ப உங்க வண்டிக்கே வரும். அந்த ஆயில ஊத்தி பிஸ்டன் புடிச்சுட்டு நம்ம பட்டறைக்கு வர்ற வண்டி உண்டு. காலி டப்பாவையும், யாரும் அதுல லூஸ் ஆயில் ஊத்தி விக்காம இருக்க, ஓட்டை போட்டுத்தான் குடுக்கணும்.

2016 விதிப்படி பழைய ஆயில் அபாயக் கழிவு, மாசு கட்டுப்பாட்டு வாரியம் அனுமதி குடுத்த ஆளுங்கதான் எடுக்கலாம். அவங்க ரீ-ரிபைனரிக்கு அனுப்புவாங்க, அங்க தண்ணி, டீசல் எல்லாம் பிரிச்சு, வெற்றிடத்துல காய்ச்சி வடிச்சு திரும்ப பேஸ் ஆயில், அதாவது புது ஆயிலுக்கு மூலச்சரக்கு, எடுக்கறாங்க, அந்த மூல ஆயில் பெருசா தேஞ்சு போறதில்ல, பெரும்பாலும் அழுக்காகறதுதான். 2024 ஏப்ரல் 1ல இருந்து ஆயில் தயாரிக்கற கம்பெனிங்களே பழசு திரும்ப வர்றதுக்கு பொறுப்புன்னு ஆயிருக்கு. அதுனால சர்வீஸ் பண்ற எடத்துல கேளுங்க, "யாருக்கு குடுக்கறீங்க, ரசீது இருக்கா?"ன்னு. கேக்கறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, என்னையும் கேளுங்க.

சேத்து வைக்கறப்போ மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் கேன், மேல பேரு எழுதி, கொழந்தைங்களுக்கு எட்டாத எடத்துல. மினரல் வாட்டர் பாட்டில்ல ஊத்தி வைக்கவே கூடாது. கூலன்ட், பிரேக் ஆயில், பெட்ரோல், தண்ணி எதையும் அதோட கலக்காதீங்க, கலந்தா மொத்த கேனும் வீண், எடுத்துக்க மாட்டாங்க.

ஆயில் பில்டர? அப்புறம் வாசல்ல கொட்டிருச்சு, என்ன பண்றது?

பில்டர சூடா இருக்கறப்பவே கழட்டி, மேல ஒரு ஓட்டை போட்டு, கேன் மேல கவுத்தி ஒரு ராத்திரி பூரா வடிய உடுங்க, நெறைய எறங்கும். அப்புறம் ஆயிலோடயே சேத்து குடுத்துருங்க.

கொட்டுனதுக்கு தண்ணி அடிக்காதீங்க, பரவும். நம்ம ஊருல தென்னை நார்த்தூளு கேட்ட எடத்துல கெடைக்குது, காஞ்ச தூள அது மேல கனமா போட்டு தொடப்பத்துல தேச்சு உடுங்க, ஒரு மணி நேரத்துல குடிச்சுரும், அள்ளிட்டு இன்னொரு வாட்டி போடுங்க. மண்ணுல கொட்டியிருந்தா கறுத்த மண்ணையும் சேத்து வெட்டி எடுங்க. அள்ளுன தூள மட்டும் தனி சாக்குல கட்டி, மேல எழுதி வைங்க, பண்ணையத்து ஆளு பாக்காம மத்த நார்த்தூளோட சேத்து தென்னைக்கு வச்சுருவாங்க.