ஆஸ்துமா இருக்கு, ஓடலாமா? நுரையீரல் பிரச்சினையும் உடற்பயிற்சியும்: கேள்வி பதில்

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட், பல்மனரி ரிஹாப்ல வேலை, அதாவது ஆஸ்துமா, சிஓபிடி (மூச்சுக்குழாய் நாள்பட்டு சுருங்கி காத்து வெளிய போகச் சிரமப்படுற நோய்), நுரையீரல் தழும்புன்னு வர்றவங்களை பயமில்லாம மறுபடி நடக்க வைக்கிற வேலை. உங்க கேள்வி எல்லாத்தையும் படிச்சேன், பாதி பேர் சுத்தி சுத்தி கேட்டிருக்கிறது ஒண்ணுதான், மூச்சு வாங்குதே, அப்போ நிறுத்திடணுமான்னு. மூச்சு வாங்குறதே ஆபத்து கிடையாதுங்க, உடம்பு வேலை செஞ்சா யாருக்கும் வாங்கும், அது எப்போ வருது, எவ்வளவு நேரத்துல அடங்குதுன்னு பாக்கத் தெரிஞ்சா போதும். மருந்து அளவை மாத்துறது மட்டும் உங்க டாக்டரைக் கேட்டுட்டுதான், அதுல நான் தலையிட மாட்டேன்.

கேள்வி: ஓடும்போது எனக்கு ஓரளவு ஓகேவா இருக்கு மேடம், நிறுத்தி கொஞ்ச நேரம் கழிச்சுதான் நெஞ்சு இறுகி இருமல் வருது. ஸ்டாமினா இல்லன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, அப்படித்தானா?

பதில்: நீங்க சொல்ற நேரக்கணக்கைப் பாத்தா அது ஸ்டாமினா மாதிரி தெரியல. ஸ்டாமினா கம்மின்னா ஓடும்போதே வாங்கும், நின்னதும் ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கிடும். உடற்பயிற்சியால மூச்சுக்குழாய் சுருங்குறது அப்படியே தலைகீழ், நிறுத்தின பிறகு அஞ்சு நிமிஷத்துல இருந்து பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள தான் உச்சத்துக்குப் போகும், அப்புறம் அரை மணியில இருந்து ஒண்ணரை மணி நேரத்துல தானா சரியாகும். காரணம் என்னன்னா வேகமா ஓடும்போது வாயால மூச்சு விடுறோம், மூக்குல நடக்குற ஈரப்படுத்துற வேலை, சூடாக்குற வேலை ரெண்டும் நடக்காம காய்ஞ்ச காத்து நேரா உள்ள போகுது, குழாயோட உள்சுவர் ஈரத்தை இழக்குது, அங்க இருக்கிற செல்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரைன் மாதிரி பொருட்களைக் கொட்டுது, சுத்தி இருக்கிற தசை இறுகுது. ஆஸ்துமா இல்லாதவங்களுக்கும் இது வரலாம். ஸ்பைரோமெட்ரின்னு குழாய்ல ஊதிப் பாக்குற டெஸ்ட்டை ஓடுறதுக்கு முன்னாடியும் ஓடின பிறகும் எடுப்பாங்க, முதல் ஒரு செகண்டுல ஊதுற காத்தோட அளவு 10 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைஞ்சா உறுதி. இதை யூகத்துல விடாம டெஸ்ட் பண்ணிடுங்க ப்ளீஸ். இன்னொண்ணு, ஓடும்போது நெஞ்சு நடுவுல வலி, கை தாடைக்குப் பரவுதுன்னா, தலை சுத்தி விழுறீங்கன்னா அது வேற கதை, முதல்ல இதயத்தைப் பாக்கணும்.

கேள்வி: ஆஸ்துமா உண்டு. ஜிம்முக்குப் போகும்முன்னாடி தினமும் நீல கலர் இன்ஹேலர் ரெண்டு பஃப் அடிச்சுட்டுப் போறேன். இப்போ முன்ன மாதிரி கேக்கல. பழகிப்போச்சா?

பதில்: ஆமா, ஒரு அளவுக்கு அப்படித்தான். அதுல இருக்கிறது சால்பியூட்டமால், பயிற்சிக்கு கால் மணி நேரம் முன்னாடி எடுத்தா ரெண்டுல இருந்து நாலு மணி நேரம் காப்பாத்தும், அது உண்மை. ஆனா நாள் தவறாம எடுத்தா அந்தப் பாதுகாப்பு குறையுது. அதைவிட முக்கியம், அது தசையை மட்டும்தான் தளர்த்தும், உள்ள இருக்கிற வீக்கத்தைத் தொடவே தொடாது. வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல அது தேவைப்படுதுன்னாலே ஆஸ்துமா கட்டுப்பாட்டுல இல்லன்னு அர்த்தம். ஜினான்னு உலக அளவுல ஆஸ்துமாவுக்கு வழிகாட்டுதல் தர்ற அமைப்பு இருக்கு, அவங்க 2019-லயே பெரியவங்களுக்கும் டீன் ஏஜ் பிள்ளைகளுக்கும் இந்த நீல இன்ஹேலரை மட்டும் தனியா வச்சு ஓட்டாதீங்க, கூட உள்ளிழுக்கிற ஸ்டீராய்டு இருந்தே ஆகணும்னு மாத்திட்டாங்க. ஸ்டீராய்டும், மூச்சுக்குழாய் தசையை நீண்ட நேரம் தளர்த்துற ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலரையே பயிற்சிக்கு முன்னாடி எடுக்கிற முறையும் இருக்கு, உங்களுக்கு ஒத்து வருமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ஸ்டீராய்டுன்னதும் பயந்து நிறைய பேர் விட்டுடுறாங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தமா இருக்கும், உள்ளிழுக்கிறதுல அளவு மைக்ரோகிராம் கணக்கு, எடுத்த பிறகு வாய் கொப்பளிச்சு துப்பிட்டா போதும்.

அப்புறம் மருந்து கேக்கலன்னா நான் முதல்ல பாக்குறது அடிக்கிற முறையை. என் முன்னாடி அடிச்சுக் காட்டுங்கன்னு சொல்லுவேன், அமுக்கினதும் உதட்டோரத்துல வெள்ளையா புகை மாதிரி வெளிய வரும், உள்ள போறது கொஞ்சம்தான். நல்லா குலுக்கி, மூச்சை முழுசா வெளிய விட்டுட்டு, மெதுவா இழுக்க ஆரம்பிக்கும்போதே அமுக்கணும், இழுத்துக்கிட்டே போய் பத்து செகண்ட் அடக்கணும். ரெண்டாவது பஃப் அரை நிமிஷம் கழிச்சு. ஸ்பேசர், அதாவது இன்ஹேலர் முனையில மாட்டுற குழாய் மாதிரி டப்பா, அதை வச்சா இந்தத் தொல்லையே பாதி போயிடும். பவுடர் இன்ஹேலர்னா மட்டும் மெதுவா இல்ல, வேகமா ஆழமா இழுக்கணும்.

கேள்வி: வார்ம் அப் உண்மையிலேயே உதவுமா, சும்மா சொல்றாங்களா?

பதில்: உதவும், அதுவும் மருந்தில்லாம கிடைக்கிற உதவி. பத்துல இருந்து பதினஞ்சு நிமிஷம், ஒரே வேகமா இல்லாம கொஞ்சம் வேகம் கொஞ்சம் மெதுன்னு மாத்தி மாத்திப் பண்ணுங்க. மூச்சுக்குழாய் ஒரு தடவை லேசா சுருங்கிட்டா அடுத்த ஒண்ணுல இருந்து மூணு மணி நேரம் அவ்வளவா சுருங்காத ஒரு இடைவெளி சுமார் பாதி பேருக்கு வருது, வார்ம் அப்ல நாம பிடிக்கப் பாக்குறது அதைத்தான். வெறும் ஸ்ட்ரெச்சிங் இதுக்கு ஈடு ஆகாது. முடிக்கும்போதும் சடார்னு நிக்காதீங்க.

கேள்வி: அக்கா என் பையனுக்கு ஒன்பது வயசு, ஆஸ்துமா. ஸ்கூல்ல விளையாட விடாம ஓரமா உக்கார வச்சுடுறாங்க. நானும் பயந்து விட்டுட்டேன். என்ன பண்றது?

பதில்: உங்க பயம் நியாயமானதுதான்மா. ஆனா ஆஸ்துமா கட்டுப்பாட்டுல இருக்கிற குழந்தை எல்லா விளையாட்டும் விளையாடலாம். 1988-லயும் 1992-லயும் ஒலிம்பிக் ஹெப்டத்லான் தங்கம் வாங்கின ஜாக்கி ஜாய்னர் கெர்சிக்கு ஆஸ்துமா. 2003-ல லண்டன்ல மாரத்தான் உலக சாதனை வச்ச பாலா ராட்கிளிஃபுக்கும் இருந்தது. உங்க பையன் ஓரமா உக்கார வேண்டிய காரணமே இல்ல, ஏற்பாடு மட்டும் சரியா இருக்கணும்.

டாக்டர்கிட்ட ஒரு ஆக்‌ஷன் பிளான், அதாவது திணறல் வந்தா என்ன பண்ணணும்னு எழுதின குறிப்பு, எழுதி வாங்கி வகுப்பு டீச்சர், பிடி டீச்சர் ரெண்டு பேர்கிட்டயும் குடுங்க. நீல இன்ஹேலரும் ஸ்பேசரும் மைதானத்துலயே கைக்கு எட்டுற மாதிரி இருக்கணும், ஆபீஸ் ரூம்ல பூட்டி வச்சா பிரயோஜனம் இல்ல. திணறல் வந்தா நிமிர்ந்து உக்கார வைங்க, படுக்க வைக்காதீங்க. ஸ்பேசர்ல ஒரு பஃப், நாலு தடவை மூச்சு, இப்படி ஒவ்வொண்ணா நாலு பஃப். நாலு நிமிஷம் பாருங்க. சரியாகலன்னா இன்னொரு தடவை அதே மாதிரி, அதுக்கும் அடங்கலன்னா ஆம்புலன்ஸ் கூப்பிட்டுட்டு வண்டி வர்ற வரைக்கும் தொடர்ந்து குடுத்துக்கிட்டே இருக்கணும். ஆனா ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல, உதடு நீலமாகுது, விலா எலும்புக்கு நடுவுல சதை உள்ள இழுக்குதுன்னா இந்த நாலு நிமிஷமெல்லாம் எண்ணிட்டு இருக்காதீங்க, உடனே கூப்பிடுங்க.

பையன் விளையாட வரலன்னு தானே சொல்றானான்னும் கவனிங்க, குழந்தைங்க மூச்சு முட்டுதுன்னு சொல்லாது, விளையாட்டு போரடிக்குதுன்னு சொல்லும்.

கேள்வி: அப்பாவுக்கு 68, சிஓபிடி. பத்து நிமிஷம் நடந்தாலே நின்னுடுறார். ரெஸ்ட் எடுக்கட்டும்னு வீட்டுல எல்லாரும் எல்லா வேலையையும் பண்ணிக் குடுக்குறோம். சரிதானே?

பதில்: பாசத்துல பண்றீங்க, புரியுது, ஆனா அப்பாவுக்கு இது நல்லது பண்ணல. உக்கார உக்கார கால் தசை கரையுது, பலம் குறைஞ்ச தசை கொஞ்ச வேலைக்கே அதிக மூச்சு கேக்கும், மூச்சு வாங்குதுன்னு இன்னும் உக்காருவார், இன்னும் கரையும். இந்தச் சுழலை உடைக்கிறதுதான் எங்க வேலையே. ரிஹாப்னால ஸ்பைரோமெட்ரி நம்பர் பெருசா மாறாது, அதை முன்னாடியே சொல்லிடுறேன், ஆனா நடக்குற தூரம் கூடும், மூச்சு முட்டுற பயம் குறையும். வழக்கமா ஆறுல இருந்து பன்னெண்டு வாரம், வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை வருவாங்க, முதல் நாள் ஆறு நிமிஷ நடை டெஸ்ட் வச்சு எவ்வளவு நடக்குறாருன்னு அளந்துட்டுதான் ஆரம்பிப்போம்.

சிஓபிடில காத்தை உள்ள இழுக்கிறதை விட வெளிய தள்ளுறதுதான் கஷ்டம். வேகமா மூச்சு விட விட வெளிய விட நேரம் பத்தாம பழைய காத்து உள்ளயே தங்கிடுது, ஏற்கெனவே பிதுங்குற பைக்குள்ள மேல மேல துணி திணிக்கிற மாதிரி. அதனால மூக்கால ரெண்டு எண்ணி இழுத்து, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவிச்சு நாலு எண்ணி விடச் சொல்லுங்க. நடைக்கும் இதே கணக்குதான், ரெண்டு அடிக்கு இழுத்து நாலு அடிக்கு விடணும். படி ஏறும்போது ஏறுற காலை வைக்கிறப்போ மூச்சை வெளிய விடணும், எடை தூக்கும்போதும் அப்படித்தான், அடக்கவே கூடாது. நின்னே ஆகணும்னா முன்னால சாய்ஞ்சு கையை முட்டியிலயோ மேஜையிலயோ ஊணிக்கட்டும், சீக்கிரம் அடங்கும்.

பத்து நிமிஷம் ஒரே மூச்சா நடக்க வேணாம், ரெண்டு நிமிஷம் நடை ஒரு நிமிஷம் ஓய்வுன்னு பிரிச்சுக்கலாம். பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் மூச்சு வாங்குறதுக்கு மார்க் போடச் சொல்லுங்க, மூணு நாலு வந்தா சரியான அளவு, ஏழு எட்டுன்னா வேகத்தைக் குறைக்கணும். கூடவே நாற்காலியில இருந்து கை ஊணாம எழுந்து உக்காருறது ஒரு நாளைக்குக் கொஞ்சம், அதுதான் தொடைக்கு நல்ல பயிற்சி. தலை சீவுறது, தலைக்குத் தண்ணி ஊத்துறதுக்கெல்லாம் ஏன் இவ்வளவு மூச்சு வாங்குதுன்னு கேப்பார், கையைத் தூக்கும்போது மூச்சுக்கு உதவுற தோள்பட்டை தசை வேற வேலைக்குப் போயிடுது, அதான். உக்காந்துக்கிட்டே பண்ணட்டும், ஆனா அவரே பண்ணட்டும்.

கேள்வி: ஆக்ஸிமீட்டர் எவ்வளவு காட்டினா நிறுத்தணும்?

பதில்: பொதுவா ஆக்ஸிஜன் 88 சதவீதத்துக்குக் கீழ போனா நின்னு ஓய்வெடுங்க, உங்க டாக்டர் வேற எண் சொல்லியிருந்தா அதுதான் கணக்கு. விரல் சில்லுன்னு இருந்தா, நெயில் பாலிஷ் இருந்தா, கையை ஆட்டிக்கிட்டே பாத்தா தப்பா காட்டும். கருப்புத் தோலுக்கு உண்மையை விடக் கூடுதலா காட்டவும் வாய்ப்பு இருக்கு, அதனால நம்பர் நல்லா இருக்கு ஆனா ஆள் திணறுறார்னா ஆளை நம்புங்க.

கேள்வி: எனக்கு ஐஎல்டி, நுரையீரல்ல தழும்பு. நானும் இதே மாதிரி நடக்கலாமா?

பதில்: நடக்கலாம், நடக்கணும், ஆனா தனியா ஆரம்பிக்காதீங்க. தழும்பு நோய்ல உக்காந்திருக்கும்போது ஆக்ஸிஜன் நல்லா இருந்து, நடந்ததும் மளமளன்னு இறங்கும். முதல்ல மேற்பார்வையில ஆறு நிமிஷ நடை டெஸ்ட் எடுத்து, நடக்கும்போது மட்டும் ஆக்ஸிஜன் வேணுமான்னு முடிவு பண்ணணும்.

கேள்வி: எனக்கு ஓட்டத்தோட உச்சத்துல தொண்டையில கீச்சுன்னு சத்தம், காத்து உள்ளயே போகல. இன்ஹேலர் துளிகூட கேக்கல மேடம்.

பதில்: இழுக்கும்போது சத்தம், இடம் தொண்டை, நின்னதும் சில நிமிஷத்துல சரி, இன்ஹேலர் பலனில்லை. இந்த நாலும் சேர்ந்தா குரல்வளை சுருங்குதான்னு பாக்கணும், ஆஸ்துமா மருந்தைக் கூட்டிக்கிட்டே போறதுல அர்த்தம் இல்ல. காது மூக்கு தொண்டை டாக்டர் சின்ன கேமரா விட்டுப் பாப்பாங்க, ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லித் தர்ற மூச்சுப் பயிற்சி நல்லா உதவும். ரெண்டும் ஒருத்தருக்கே இருக்கலாம், அதனால ஆஸ்துமா மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு நீச்சல்தான் பெஸ்ட்னு சொல்றாங்களே?

பதில்: ஈரக்காத்துங்கிறதால நிறைய பேருக்கு ஒத்துப் போகும். மூடின குளத்துல குளோரின் நெடி கண்ணைக் கரிச்சா அந்த இடம் வேணாம்.

கேள்வி: எந்த நாள் பயிற்சி பண்ணவே கூடாது? ஒரு நாள் விட்டாலே எனக்குக் குற்ற உணர்ச்சியா இருக்கு.

பதில்: காய்ச்சல் இருக்கிற நாள், முந்தின ராத்திரி இருமி எழுந்திருச்ச நாள், சளி கலர் மாறி அளவு கூடின நாள். பீக் ஃப்ளோ மீட்டர், அதாவது எவ்வளவு வேகமா ஊத முடியுதுன்னு வீட்டுலயே அளக்குற சின்ன கருவி, வச்சிருந்தா உங்க சிறந்த அளவுல 80 சதவீதத்துக்குக் கீழ வந்தா கடுமையான பயிற்சி வேணாம், 50-க்குக் கீழன்னா பயிற்சியைப் பத்தி யோசிக்காம ஆக்‌ஷன் பிளான்ல இருக்கிற அவசர மருந்தை எடுத்துட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்க. காத்துல புகையோ தூசியோ அதிகமா இருந்தா வீட்டுக்குள்ள பண்ணுங்க, குளிர்காலத்துல விடியற்காலை புகை தரையோட தங்கி நிக்கும், அப்போ வெயில் வந்த பிறகு போகலாம். ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகி வந்தவங்க மாசக்கணக்குல காத்திருக்க வேணாம், சிஓபிடின்னா டிஸ்சார்ஜ் ஆகி நாலு வாரத்துக்குள்ள ரிஹாப் ஆரம்பிக்கிறது நல்லது. ஆஸ்துமான்னா ராத்திரி நிம்மதியா தூங்கி, நீல இன்ஹேலர் தேவைப்படாம சில நாள் போனதும் பாதி வேகத்துல ஆரம்பிங்க, குற்ற உணர்ச்சியே வேணாம்.