சாந்தோ ஸ்தெஃபானோ தி செஸ்ஸானியோ: கேளுங்கள், சொல்கிறேன்

இத்தாலியின் அப்ருட்ஸோ மலைப்பகுதியில், சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கிற கல் கிராமம் இது. பன்னிரண்டு வருடமாகப் போய் வருகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். அப்புறம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரவு ஏழரை வரை எதுவும் கிடைக்காது.

கார்த்திக்: ரோமிலிருந்து காலையில் போய் இரவே திரும்ப முடியுமா?

கார் இருந்தால் முடியும், ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம். பேருந்து என்றால் ரோமின் திபுர்த்தினா பேருந்து நிலையத்திலிருந்து லாக்விலா நகரம் வரை சிரமமில்லை. அங்கிருந்து மேலே ஏறும் பேருந்துகள் மிகக் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். என்னைக் கேட்டால் ஒரு இரவு தங்குங்கள். மாலையில் கார்களெல்லாம் இறங்கிப் போன பிறகுதான் அது ஊராகத் தெரியும்.

மீனா: ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கில் எவ்வளவு காட்ட வேண்டும்?

விசா மையத்தில் கேளுங்கள்.

செல்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை, அந்த ஊரின் பெருமையே ஒரு பருப்புதான். நம் மைசூர் பருப்பின் இனமே. ஆனால் மிளகைவிடச் சிறியது, கரும்பழுப்பு நிறம். ஆயிரம் மீட்டருக்கு மேலே உள்ள வறண்ட சுண்ணாம்புக்கல் நிலத்தில் விளைகிறது. தோல் மெல்லியது என்பதால் ஊறவைக்கவே வேண்டாம். பூண்டு, பிரியாணி இலை, ஆலிவ் எண்ணெய் சேர்த்து வேகவைத்து, மேலே வறுத்த ரொட்டித் துண்டுகளைப் போட்டு மண் கிண்ணத்தில் தருவார்கள். குழையாது, ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நிற்கும். சாம்பாருக்காகக் கால் கிலோ வாங்கி வந்து நான் ஏமாந்திருக்கிறேன்.

சில இடங்களில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். "சென்சா கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். செம்மறிப்பால் சீஸும் கவனம், ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைப் போட்டு உறையவைப்பது அங்கே வழக்கம். மற்றபடி எல்லோர் கையிலும் இருப்பது அர்ரோஸ்திசினி, குச்சியில் கோத்துச் சுட்ட செம்மறி ஆட்டுக்கறி. வாசனையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜான்: மலை உச்சியில், ஃபுளோரன்ஸ் நகரை ஆண்ட மெதிச்சி குடும்பத்துக்கு என்ன வேலை?

கம்பளிதான். 1579 முதல் 1743 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. இங்குள்ள கருங்கம்பளி முரடு, ஆனால் நீடித்து உழைக்கும். துறவிகளின் அங்கிக்கும் படைவீரர்களின் உடைக்கும் போனது. ஊர் வாசல் வளைவில் அவர்களுடைய உருண்டைச் சின்னம் இன்னும் இருக்கிறது, நிமிர்ந்து பாருங்கள். குளிர்காலத்தில் மந்தைகள் தெற்கே ஃபோஜா சமவெளிக்கு 240 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போய்வந்தன. அந்த வழக்கம் தேய்ந்ததும் ஊரும் தேய்ந்தது. இப்போது நூற்றுச் சொச்சம் பேர்தான்.

ரமேஷ்: அந்த ஊரின் வட்டக் கோபுரம் 2009-இல் விழுந்துவிட்டதே. இப்போது நிற்பது டூப்ளிகேட். அதைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?

2009 ஏப்ரல் 6 அதிகாலை லாக்விலா நிலநடுக்கத்தில் விழுந்தது உண்மை. இப்போது இருப்பது திரும்பக் கட்டியது. யாரும் மறைக்கவில்லை.

லதா: நான் ரமேஷ் பக்கம். இடிபாட்டை அப்படியே விட்டிருந்தால் அதுவே நினைவுச்சின்னம்.

சுற்றுலாப் பயணிக்குச் சரி. அங்கேயே இருப்பவருக்கு? பல வருடம் அந்த இடத்தில் இரும்புக் குழாய்ச் சாரத்தைக் கோபுர வடிவத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள், நானே பார்த்திருக்கிறேன். தூரத்து வளைவில் வரும்போது ஊரை அடையாளம் காட்டியது அந்தக் குழாய்க் கூடுதான்.

ரமேஷ்: உணர்ச்சி வேறு, வரலாறு வேறு.

சரி, வரலாற்றுக்கே வருவோம். கோபுரம் ஏன் விழுந்தது? உச்சியில் இருபதாம் நூற்றாண்டில் போட்ட கான்கிரீட் தளத்தைத்தான் பலரும் குறை சொல்கிறார்கள். பழைய கல்சுவர் தலையில் கனத்தை ஏற்றினால், ஆட்டம் வரும்போது சுவர் ஈடுகொடுக்காது. நீங்கள் "அசல்" என்று துக்கப்படுகிற கோபுரத்திலேயே அந்த ஒட்டு இருந்தது. இதோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அன்வர்: அங்கே குடியேறினால் பணம் தருகிறார்களாமே?

2020-இல் அறிவித்தது. நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, பல நிபந்தனைகளோடு. சும்மா வீடு தருகிறார்கள் என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்ப வேண்டாம்.

பிரியா: ஒரே நாளில் ரோமிலிருந்து போய்வரலாமா?

கார்த்திக்குக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோபால்: இரண்டு பெரிய பெட்டி, அறுபத்தெட்டு வயது அம்மா, டிசம்பர் மாதம்.

சக்கரப் பெட்டியைக் கல் படியில் உருட்ட முடியாது. பெரியதை லாக்விலாவில் வைத்துவிட்டுத் தோள்பையோடு வாருங்கள். அம்மாவுக்குப் பிடிமானமுள்ள காலணி வேண்டும், படியில் பனி உறைந்திருக்கும். காம்போ இம்பெராத்தோரே பீடபூமிச் சாலையைப் பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள். ரோக்கா கலாஷோ கோட்டை அருகில்தான், ஆனால் 1,460 மீட்டர் உயரம். கால் வலி இருந்தால் அம்மாவை ஏற்றாதீர்கள்.

விஜய்: ஒரே நாளில்...

மேலே பாருங்கள்.

சுதா: நாங்கள் வந்து சேரவே 2:45 ஆகிவிடும். சாப்பாடு கிடைக்குமா?

லாக்விலாவிலேயே ரொட்டியும் சீஸும் வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.