வாகனம் - கேள்வி பதில்: ஆக்ஸிஜன் சென்சார் இல்லாமல் ஓட்டலாமா?

கேள்வி: என் பெட்ரோல் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேன் செய்த மெக்கானிக், முன்பக்க ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்கிறார். புதியது வந்து சேரப் பத்து நாளாகும். அதுவரை வண்டியை எடுக்கலாமா, நிறுத்திவைக்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் 'போய்விட்டது' என்ற சொல்லுக்குள் நாலைந்து விதமான பழுது அடங்கும். எது என்பதைப் பொறுத்துத்தான் பத்து நாள் ஓட்டலாமா என்று சொல்ல முடியும். ஸ்கேனர் காட்டிய கோடு (பழுதைக் குறிக்கும் குறியீடு) எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த அளவு கூடுகிறதா, குறைகிறதா என்பதை, எரிந்து வெளியேறும் புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை வைத்துச் சொல்வது இந்த சென்சார். பாஷ் நிறுவனம் உருவாக்கி, 1976-ல் வால்வோ கார்களில் முதலில் வந்தது. பரவலாக உள்ள சிர்கோனியா வகை, பெட்ரோல் மிகுந்தால் 0.8, 0.9 வோல்ட் தரும். காற்று மிகுந்தால் 0.1, 0.2 வோல்ட்டுக்கு இறங்கும். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. இதைப் பார்த்தே ஓயாமல் திருத்துகிறது. சென்சாரை நம்ப முடியாது என்று தெரிந்துவிட்டால், அதை ஒதுக்கிவிட்டு, தன் நினைவில் உள்ள அட்டவணைப்படி பெட்ரோலை அளந்து விடும். வண்டி ஓடும், மைலேஜ் குறையும், புகை கெடும்.

கோடு பி 0135 என்றால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் பழுது. சென்சார் வேலை செய்ய 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஹீட்டர் இல்லாவிட்டாலும் புகையின் சூட்டிலேயே அது சில நிமிடத்தில் விழித்துக்கொள்ளும். வெகுநேரம் ஐட்லிங்கில் நின்றால் ஆறிப்போய் மறுபடி தூங்கும். இதனால் பத்து நாளில் பெரிய கேடு வராது. பி 0133 என்றால் சென்சார் மந்தமாகிவிட்டது. பி 0134 என்றால் பேச்சே இல்லை. இந்த இரண்டிலும் அடித்து ஓட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. சென்சார் கீழ் அளவிலேயே ஒட்டிக்கொண்டு 'காற்றுதான் அதிகம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும், இ.சி.யு. அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். பல வண்டிகளில் 20, 25 சதவீதம் வரை கூட்டிவிடும். சைலன்சர் வாயில் கருப்புக் கரி, பெட்ரோல் வாடை, கறுத்த ஸ்பார்க் பிளக், ஆயில் கேஜில் பெட்ரோல் மணம் ஆகியவை இதன் அடையாளங்கள். அப்படி இருந்தால் புதிய சென்சார் வரும் வரை அதன் கப்ளரை (ஒயர் இணைப்பை) கழற்றிவிடுங்கள். சென்சார் அதன் இடத்திலேயே முடுக்கியபடி இருக்கட்டும். விளக்கு எரியும், ஆனால் இ.சி.யு. அட்டவணைக்குத் திரும்பிவிடும். கழற்றியதும் வண்டி நன்றாக ஓடினால், சென்சார் பொய் சொல்லியிருக்கிறது என்பதற்கு அதுவே ஓரளவு சான்று.

விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளேயுள்ள பீங்கான் தேனடை உருகி, புகைவழியை அடைத்துவிடும். சென்சாரைவிடப் பல மடங்கு விலையுள்ள பாகம் அது. காய்ந்த புல் மேல் அந்த வண்டியை நிறுத்தவும் கூடாது.

கேள்வி: சைலன்சர் வெல்டிங் செய்தபோது சென்சாரைக் கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. குழாயில் ஓட்டை திறந்தே இருக்கிறது. சென்சார் கப்ளரோடு வெளியே தொங்குகிறது. சத்தம்தான் அதிகம், மற்றபடி ஓடுகிறது. இப்படியே விடலாமா?

பதில்: விடவே கூடாது. கெட்ட சென்சார் மாட்டியிருப்பதைவிட இது மோசம்.

முதல் காரணம் உயிர். அந்த ஓட்டை வழியே வருவது கார்பன் மோனாக்சைடு கலந்த புகை. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நெரிசலில் நின்று நின்று போகும்போது தளத்தின் இடுக்குகள் வழியாகவும், ஏ.சி.யின் காற்று வழியாகவும் உள்ளே வரும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே இறங்க வேண்டும். பின்பக்க சென்சாரின் (கன்வெர்ட்டரைத் தாண்டி இருப்பது) ஓட்டை என்றாலும் இதே கதைதான். அது இருக்கைகளுக்கு நேர் கீழே இருப்பதும் உண்டு.

இரண்டாவது, தொங்கும் சென்சார். வெளிக்காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்கிறது. கப்ளர் மாட்டியிருப்பதால் சென்சார் அதை அளந்து 'கலவையில் பெட்ரோலே போதவில்லை' என்கிறது. இ.சி.யு. பெட்ரோலை அள்ளி ஊற்றுகிறது. ஹீட்டரும் வேலை செய்வதால் சென்சாரின் முனை நெருப்பாகக் கொதிக்கும். பக்கத்தில் உள்ள ஒயரையோ பிளாஸ்டிக்கையோ சுட்டுவிடும். இன்றைக்கே கப்ளரைக் கழற்றி, ஒயரைக் குழாயில் படாமல் கட்டி வையுங்கள்.

ஓட்டையை அடைக்க, கார்களில் பொதுவாக வரும் 18 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை கொண்ட போல்ட்டைச் செம்பு வாஷரோடு முடுக்கலாம். எம்-சீலும் சிலிகான் பசையும் அந்தச் சூட்டில் நிற்காது. போல்ட் அடைப்பு சென்சார் கிடைக்கும் வரைதான். முன்பக்க சென்சார் என்றால் மெதுவாக, அவசியத்துக்கு மட்டும் ஓட்டுங்கள்.

கேள்வி: பி 0171 கோடு வந்ததால் முன்பக்க சென்சாரை மாற்றினேன். ஒரு வாரத்தில் அதே கோடு திரும்ப வந்தது. போலி சென்சாரா?

பதில்: பழைய சென்சாரே நல்லதாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பி 0171 என்றால் 'கலவையில் காற்று மிகுதி' என்று பொருள். 'சென்சார் கெட்டது' என்று பொருளில்லை. உண்மையைச் சொன்ன சாட்சியைத்தான் மாற்றியிருக்கிறீர்கள். இந்தத் தவறு பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது, வாசகர்களின் பணமும் வீணாகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் (இ.சி.யு. பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு) என்ற இரண்டு எண்களைப் பாருங்கள்: குறுகிய காலம், நீண்ட காலம். இரண்டையும் கூட்டி வருவது 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஐட்லிங்கில் ஒருமுறை, 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்து ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். ஐட்லிங்கில் அதிகமாக இருந்து, வேகம் கூட்டியதும் இறங்கினால், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரைத் தாண்டி எங்கோ காற்றை உறிஞ்சுகிறது: வெடித்த வேக்கம் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், ஒட்டிக்கொண்ட பி.சி.வி. வால்வு (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பிவிடுவது). ஐட்லிங்கில் சரியாக இருந்து வேகத்திலும் ஏற்றத்திலும் கூடினால் பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர் அடைப்பு, பம்ப் அழுத்தம், அல்லது அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசலோ கேஸ்கெட் கசிவோ இருந்தால், புகையின் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். கலவை சரியாகவே இருந்தாலும் சென்சாருக்கு அது காற்று மிகுதியாகத் தெரியும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் அந்தக் கசிவைச் சந்தேகியுங்கள். கசிவு தேட, குழாய்களுக்குள் புகை செலுத்திப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் நல்லது. சூடான இன்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பது தீப்பிடிக்க வழி.

கேள்வி: மல்டிமீட்டர் இருக்கிறது. வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

பதில்: நான்கு கம்பி சிர்கோனியா வகை என்றால் முடியும். பல சென்சார்களில் ஒரே நிறத்தில் உள்ள இரண்டு கம்பிகள் (அடிக்கடி வெள்ளை) ஹீட்டருக்கு. கருப்பு சிக்னல், சாம்பல் நிறம் கிரவுண்டு. வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் வயரிங் படத்தோடு ஒப்பிடுங்கள்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஹீட்டர் கம்பிகளுக்கிடையே ஓம் பாருங்கள். சில ஓம் முதல் 15 ஓம் வரை காட்டலாம். ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்துவிட்டது. சென்சாரைக் குறை சொல்லும் முன், இன்ஜினைக் கிளப்பி வண்டிப் பக்கக் கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா என்றும் பாருங்கள். முன், பின் இரண்டு சென்சாருக்கும் ஒரே நேரத்தில் ஹீட்டர் கோடு வந்தால் முதலில் ஃப்யூஸைத்தான் தேட வேண்டும்.

சிக்னல் பார்க்கக் கப்ளரை மாட்டி, கம்பியின் பின்புறம் மெல்லிய ஊசியைச் செருகுங்கள். கம்பியின் உறையைக் குத்தக் கூடாது. 2,500 ஆர்.பி.எம்.மில் இரண்டு நிமிடம் பிடித்தபின், முன்பக்க சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். பின்பக்க சென்சார் 0.6, 0.7 வோல்ட் அருகே அமைதியாக நிற்க வேண்டும். அதுவும் முன்பக்கத்தைப் போலவே ஆடினால் கன்வெர்ட்டர் களைத்துவிட்டது. கலவையின் அளவையே நேரடியாகச் சொல்லும் ஏர்-ஃப்யூயல் வகை என்றால் இந்தச் சோதனை பொருந்தாது, ஸ்கேனர்தான் வேண்டும். அவற்றிலும் நான்கு கம்பி உள்ளவை உண்டு, கம்பியை எண்ணி ஏமாற வேண்டாம்.

கேள்வி: கரி படிந்த சென்சாரைப் பெட்ரோலில் கழுவி மாட்டலாமா?

பதில்: வேண்டாம். கரி வெளியே தெரியும் விளைவுதான். கலவையைச் சரிசெய்தால் சூட்டில் அதுவே எரிந்துபோகும். முனையில் வெள்ளைப் படிவு இருந்தால் சிலிகான் பசையோ கூலன்ட்டோ உள்ளே போயிருக்கிறது. அந்த சென்சார் தேறாது. கூலன்ட் கசிவை அடைக்காமல் புதியதை மாட்டினால் அதுவும் அப்படியே போகும்.

கேள்வி: மாற்றும்போது கவனிக்க வேண்டியவை?

பதில்: இன்ஜின் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது கழற்றுங்கள், முந்தின இரவே மரையில் துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். ஒயர் நுழையப் பிளவு உள்ள 22 மி.மீ. சாக்கெட் வேண்டும். பாதியில் இறுகினால் வலுக்கட்டாயமாகத் திருகாமல் முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள், இல்லாவிட்டால் குழாயின் மரை கூடவே வந்துவிடும்.

புதியதில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) பூசியிருந்தால் மேலும் பூச வேண்டாம். இல்லாவிட்டால் மரையில் மட்டும் பூசுங்கள், முனையில் துளிகூடப் படக் கூடாது. முதல் சுற்றுகளைக் கையாலேயே ஏற்றி, பிறகு கையேடு சொல்லும் அளவுக்கு முடுக்குங்கள், 18 மி.மீ. சென்சார்களுக்கு அது 40 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள், உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம். பல சென்சார்கள் ஒப்பிட வேண்டிய வெளிக்காற்றைக் கம்பி இழைகளின் இடைவெளி வழியாகவே எடுக்கின்றன. அதனால் கம்பியைச் சால்டர் செய்வதும் கப்ளருக்குள் கிரீஸ் திணிப்பதும் மூச்சை அடைப்பதாகும். ஒயரைப் பழைய கிளிப்புகளிலேயே மாட்டி, கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். இ.சி.யு. தன் சோதனைகளை முடிக்க, குளிர்ந்த நிலையில் கிளப்பி ஓட்டிய பல பயணங்கள் ஆகலாம். அதற்குள் பரிசோதனைக்கு வண்டியைக் கொண்டுபோனால் 'தயாராகவில்லை' என்றே காட்டும்.